திட்டியிலை கிடக்குது பாடம்

வாடா மோனை, வரம்பிலை குந்து. இண்டைக்கு மழை இல்லையெண்டு போன் சொல்லுதோ? சரி, மடியிலை வை.

போன கிழமை பட்டறைக்குப் போனியாம். கொல்லன் பட்டறையோ எண்டு நினைச்சன். பயிற்சிப் பட்டறையாம்! பதாகை, படம், சோத்துப் பாசல். அங்கை என்ன சொன்னவை? 'களைவிதை முளைக்க ஈரமும் வெளிச்சமும் சூடும் வேணும்.' உதை அம்மம்மாவிட்டைக் கேட்டிருந்தால் சோறும் தந்தெல்லோ சொல்லியிருப்பா?

சின்ன விதையள் கனக்க வெளிச்சம் பட்டால்தான் கண் முழிக்கும். உழேக்கை மண் புரளும், கண் வெட்டுற நேரம் வெயில் படும். அது காணும். ஜெர்மன்காரர் 1990 அளவிலை இராவிலை உழுது பாத்தவங்கள். சில களை குறைஞ்சதும் உண்மைதான். நீயும் உழன். ஒட்டுசுட்டான் பக்கத்து யானை வந்து லைற் பிடிக்கும்.

இப்ப உன்ரை வயலைப் பார். பள்ளத்திலை நாலு விரல் தண்ணி, நெல்லு மட்டும் நிக்குது. திட்டியிலை? கோரையும் புல்லும் கலியாணப் பந்திபோலை நெருக்கி நிக்குது. ஒரே வயல், ஒரே விதைநெல்லு. ஏன்? தண்ணிக்குக் கீழை விதைக்கு மூச்சு முட்டும். பகல் சூடும் இராக் குளிரும் மாறி மாறிப் பட்டால்தான், 'மேலை வெட்டை, ஏறலாம்' எண்டு அதுக்கு விளங்கும். தண்ணி அந்தச் சேதியை மறைச்சுப்போடும். தண்ணிக்களை வேறை கதை, விடு. நீ திட்டியை வெட்டிச் சமப்படுத்தாமல் வயல் முழுக்க மருந்தடிச்சனீ. ஆருக்கு லாபம்? மருந்துக்கடைக்காரனுக்கு.

எல்லாக் களையும் உப்பிடிச் சேதி பாத்துக் காத்திருக்காது. ரோட்டுக்கரைப் பார்த்தீனியத்துக்கு நாள் நட்சத்திரமே இல்லை. ஒரு செடி 15,000 விதை போடும், ஈரம் கண்டால் எந்த மாசமும் முளைக்கும்.

சில விதை எண்டால் கனகாலம் மண்ணுக்குள்ளை காத்துக் கிடக்கும். அமெரிக்காவிலை பீல் எண்டொரு வாத்தியார், 1879 இலை, 20 போத்திலிலை விதையை மணலோடை தாட்டவர். ஒரு போத்திலை 2021 இலை கிளறினவங்கள். 141 வருசம் கிடந்தும் முளைச்சுது! நாங்களும் 2008 இலை இடம்பெயரேக்கை அண்டா குண்டான் தாட்டனாங்கள். வந்து தோண்டினால் அண்டாவைக் காணேல்லை. களை மட்டும் இருந்த இடத்திலை, ஆள் உயரத்துக்கு நிண்டுது.

அடுத்த காலபோகத்துக்குக் கேள். முதல் மழையோடை உழு. பிறகு பேசாமல் இரு. பத்துப் பன்ரண்டு நாளிலை களை பச்சைப்பசேலெண்டு வரும். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். பிறகு மேலாலை மட்டும் கீறி அதைப் புரட்டிப்போட்டு விதை. ஆழ உழுதியோ, கீழை நித்திரை கொண்டதும் எழும்பி வரும். கனக்கப் பிந்தவும் கூடாது, மாரி இறுகினால் ரக்ரர் தாழும்.

போன் கத்துது, எடு. என்னவாம், மழை வரப்போகுதாமோ? என்ரை தலைப்பா நனைஞ்சு பத்து நிமிசமாச்சு.