மாடி வீட்டுத் தம்பிக்கு

கோவிச்சுக்காதே தம்பி. ஞாயித்துக்கிழமை கரண்டு அடுப்புல காய்கறி டார்ட்டு சுட்டு, எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பினியே, கரண்டியால அள்ளிக் குடிச்சேன். அது கத்தியால அறுத்துத் தின்னுற பண்டமாமே? உங்க பாட்டி அப்புறமாத்தான் சொன்னா.

ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை பாக்குறே. பெயின்டு காயாத வண்டியை அடுத்த வேலைக்குத் தள்ளுவியா? மாட்டே. சுரைக்காயை மட்டும் ஈரத்தோட மாவு மேல ஏத்திட்டே.

சித்திரை, வைகாசியில நம்ம கொல்லையில என்ன காய்க்குது? சுரை, பீர்க்கு, வெள்ளரி, கத்திரி, வெண்டை, கொஞ்சம் தக்காளி. சுரையும் வெள்ளரியும் 100-க்கு 95 பங்கு தண்ணி. அத்தனையும் நான் மோட்டார் போட்டு விட்ட தண்ணி. சூடு பட்டா அது வெளியே வராம எங்க போகும்? மெல்லிசா சீவி, உப்பைத் தூவி, அரை மணி நேரம் வடிதட்டுல வை. அப்புறம் துணியில கட்டிப் பிழி. கத்திரியை வில்லை வில்லையா அரிஞ்சு எண்ணெய் தடவித் தனியா சுட்டுக்கோ. தக்காளியில விதைச் சாறை வழிச்சுடு, அது ரசத்துக்கு ஆகும்.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை இறக்கினதுலேருந்து கொரியாக்காரங்க இந்தப் பக்கம் புழங்குறாங்க. அவங்க கிம்ச்சி போடுறதுக்கு முன்னாடி கோசை உப்புல ஊற வச்சு, தண்ணியை இறக்கிட்டுத்தான் மசாலாவே தடவுவாங்க. ஊறுகாய் போடுற உங்க பாட்டிக்கும் அந்த வித்தை தெரியும். அவ பி.இ. படிக்கலை, அதனால தெரியும்.

அடுத்தது வெண்ணெய். கத்திரி வெயில் 40 டிகிரி அடிக்குது. வெண்ணெய் 32, 35-லயே உருகிடும். நீ அதை மேடையில வச்சுட்டு போன் பேசிட்டு வந்து, மாவைக் குத்து குத்துன்னு குத்துறே. எங்க தலைக்கு மேல தும் தும்முனு கேக்குது. வெண்ணெய் சில்லுனு, பட்டாணி பட்டாணியா மாவுக்குள்ள நிக்கணும். அடுப்புல அது உருகி, அதுல இருக்குற ஈரம் ஆவியானாத்தான் ஓடு பொரபொரன்னு வரும். 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், மூணு நாலு ஸ்பூன் ஐஸ் தண்ணி. விரல் நுனியால சேர்த்துப் பிடிச்சு, அரை மணி ஃப்ரிட்ஜுல வை. அதுக்கு மேல பிசைஞ்சா ரப்பர்தான். ரப்பருக்குத்தான் ஒரகடத்துல டயர் கம்பெனி இருக்கே, நீ வேற எதுக்கு?

கூட்ரோடு டீக்கடையில பப்ஸ் மட்டும் சாயங்காலம் வரைக்கும் நிமிர்ந்து நிக்குதேன்னு கேப்பே. அதுல பெரும்பாலும் மார்கரின். வெண்ணெயைவிட அதிகச் சூட்டுலதான் உருகும். அண்ணாக்குல ஒட்டிக்கிறதும் அதனாலதான்.

மாவை முதல்ல தனியா சுடணும். தட்டுல பரப்பி, முள்கரண்டியால குத்தி, மேல பேக்கிங் காகிதம் போட்டு, காஞ்ச மொச்சையைக் கொட்டி, 190 டிகிரியில கால் மணி நேரம். மொச்சை பாரத்துல மாவு உப்பாது. அப்புறம் காகிதத்தையும் மொச்சையையும் எடுத்துட்டு இன்னும் பத்து நிமிஷம். அந்த மொச்சையைக் குழம்புல போட்டுடாதே, நீ போடுவே.

காய், அடிச்ச முட்டை, பால் எல்லாம் அதுக்கப்புறம். அந்தச் சீமை இலைப்பொடி பாக்கெட்டை ஓரமா வை. காஞ்சிபுரம் கோயில் இட்லியில விழுற மிளகு, சீரகம், சுக்கு, அந்த மூணையும் இடிச்சுப் போட்டுப் பாரு. அரை மணி நேரம் வேகட்டும். நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பாக்காதே, சூடெல்லாம் வெளியே போயிடும். ஆறினதும் அறு.

கொல்லையில காய் எவ்வளவு வேணும்னாலும் பறிச்சுக்கோ, காசு கேக்க மாட்டேன். கரண்டுக்கு மட்டும் சப்-மீட்டர் பார்த்து யூனிட் கணக்குதான்.