கொடாதவரும் செலவழிக்காதவரும்

எங்கள் ஊரில் ஒருவரைக் கஞ்சன் என்றால் அது லேசான ஏச்சு அல்ல. களத்தில் நெல் அளந்து முடித்ததும் கூலிக்கு மேல் ஒரு கை அள்ளிப் போடாதவர், வெயிலில் வந்து மோர் கேட்டவரை வெறும் வாயோடு அனுப்பியவர், இவர்களைத்தான் அப்பத்தா 'பிசினாரி' என்பார். "எச்சிக்கையால காக்கா ஓட்ட மாட்டான்" என்பது கூடவே வரும். அதே அப்பத்தா கிழிந்த சேலையைத் தைத்து உடுத்துவார். புளிச் சக்கையைப் பாத்திரம் துலக்க எடுத்து வைப்பார். அவரைச் செட்டான மனுஷி என்றார்களே தவிர, கஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கம்சன்தான் கஞ்சன் ஆனான் என்பார்கள். ஆண்டாளின் திருப்பாவையில் கம்சன் பெயர் கஞ்சன் என்றே வருகிறது, உண்மை. ஆனால் அவன்மேல் உள்ள பழி கொலை, கொடாமை அல்ல. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் கஞ்சூஸ், ஒலியோடு பொருளிலும் ஒத்து நிற்கிறது. நான் அந்தப் பக்கமே சாய்வேன். உலோபி வடமொழி லோபத்திலிருந்து வந்தவர். வள்ளுவர் எடுத்தாண்ட சொல் இவறல். 432ஆம் குறளில் அரசனுக்கு ஆகாத குற்றங்களைச் சொல்லும்போது அதைத்தான் முதலில் வைக்கிறார். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமல் இருப்பது இவறல். தனக்கென்று செலவழிக்காமல் இருப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இன்று கஞ்சன் என்ற சொல் இடம் மாறிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஓர் இளம்பெண், டிபன் பாக்ஸில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறாள், பஸ்ஸில் வருகிறாள், பிறந்தநாளுக்கு ட்ரீட் கொடுப்பதில்லை. "சரியான கஞ்சம்பா" என்று சிரிக்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. கொடுத்துக்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு இந்தப் பெயரா என்று எனக்கு மனம் கொதிக்கிறது. ஓட்டலில் வாரிவிடுகிறவர் தாராளம் என்று பெயர் வாங்கிவிடுகிறார். வாங்குவதற்கும் ஈவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன தீபாவளிக்கு முன்தினம், அலுவலகம் கூட்டும் அம்மா ஒவ்வொரு மேசையாக வந்து நின்றார். ட்ரீட்டுக்காக அவளை நச்சரித்தவர்களில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் பையைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தாள்.