வானம் தோண்டியவன் எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்:
புறநகரில், பழைய வீட்டின் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டும் குடிமகன்.

பெறுநர்:
உயர்திரு கட்டட அனுமதிப் பிரிவு அலுவலர் அவர்கள். (இருக்கையில் இல்லையெனில் அடுத்த இருக்கைக்கு.)

பொருள்: கூடுதல் கட்டடம் – ஓர் அறை, ஒரு கழிப்பறை – அஸ்திவாரக் குழியை ஒருமுறை எட்டிப் பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விண்ணப்பம். 2. அதன்மீது தாங்கள் எழுப்பிய குறைகள். 3. குழிக்குள் தானாக எழும்பிய தண்ணீர்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

அனுமதி கொடுத்ததற்கு முதலில் நன்றி. வயதான என் அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. தரைத்தளத்தில் 10-க்கு 12 அடியில் அவருக்கு ஓர் அறை கட்டலாம் என்று சித்திரையில் விண்ணப்பித்தேன். ஐப்பசி அடைமழையோடு அனுமதியும் வந்து சேர்ந்தது. வெயிலில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் ஆட்கள் வாடிவிடுவார்கள் என்று தாங்கள் யோசித்திருக்கலாம். அந்தக் கருணைக்கும் சேர்த்தே நன்றி.

தங்கள் அலுவலகம் காகிதத்தைப் பார்க்கும் அழகே தனி. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது என எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். எங்கள் பகுதி பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் கொடுத்த பழைய வரைபட அனுமதியைக் கேட்டீர்கள். அதன் அலுவலகப் பிரதி தங்களிடம்தானே இருக்கும் என்றேன். "அது கிடைக்காததாலதான் சார் உங்களைக் கேக்கறோம்" என்றார் எழுத்தர். பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளியை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். சன்னல் எத்தனை, கதவு எத்தனை என்று எண்ணினீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியை ஏன் காட்டவில்லை என்றும் கேட்டீர்கள். 2003-இலேயே கட்டாயமாக்கிய விஷயம் என்பதால் அது நியாயமான கேள்விதான்.

அதே வரைபடத்தின் குறுக்குவெட்டுப் படத்தில், தரைக்கோட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதுதான் அஸ்திவாரம். அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. வரைந்தவரிடம் விசாரித்தேன். அடுத்த தெருவில் இரண்டு மாடிக்கு வரைந்தபோதும் இதே பெட்டியைத்தான் போட்டாராம். பெட்டிக்கு மாடி பேதம் கிடையாது.

ஆகவே, பெட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதைத் தங்கள் கோப்பின் நலன் கருதித் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே கொஞ்ச தூரம் செங்கல் துண்டும் உடைந்த டைல்ஸும் கலந்த நிரப்பல். எப்போதோ யாரோ கொட்டிய இடிபாடு. அதற்குக் கீழே கருங்களி. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தட்டித் தட்டித்தான் உதற வேண்டியிருந்தது. இந்தக் களி கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். மேலே நிற்கும் சுவரையும் கூடவே ஏற்றி இறக்கும். இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் வைத்த பைல் முறையை வகுத்துக் கொடுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தங்கள் விண்ணப்பப் படிவத்தில் "சாலையின் அகலம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "மண்ணின் தன்மை" என்று ஒரு கட்டம் இல்லை.

மண் பரிசோதனையில் ஒரு முறை உண்டு. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மறுபடி மறுபடி போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். அடி கூடக்கூட மண் கெட்டி என்று அர்த்தம். தங்கள் அலுவலகத்தில் என் கோப்பும் இப்படித்தான் மேசைக்கு மேசை இறங்கியது. அந்தக் கணக்கில், பகுதியிலேயே கெட்டியான நிலம் தங்கள் அலுவலகம் அமைந்திருக்கும் இடம்தான்.

அடுத்து, பழைய சுவர். இது புது மனையில் கட்டும் வீடு அல்ல, இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டுவது. எங்கள் பழைய வீடு கருங்கல் கடைக்கால் மேல் செங்கல் சுவர் தாங்கி நிற்பது. புது அறைக்கோ ஃபுட்டிங், தூண், பிளிந்த் பீம். பழைய கடைக்கால் 3 அடியில் முடிந்துவிட்டது, புதுக்குழி 5 அடிக்கு இறங்குகிறது. அதாவது, பழைய சுவர் எந்த மண்ணை நம்பி நிற்கிறதோ அதற்குப் பக்கத்து மண்ணை நாங்கள் வாரி வெளியே கொட்டுகிறோம். ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டினால் சுவர் சரியும். கொஞ்சம் தோண்டி, அதைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு, பிறகு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சுவரை ஒட்டிய இடத்தில் ஃபுட்டிங்கைத் தள்ளிவைத்து, பீமை நீட்டி அறையைத் தாங்கச் செய்வது இன்னும் பத்திரம். இரண்டு கட்டடமும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டு ஜாயின்ட் வைக்க வேண்டும். பழையது உட்கார வேண்டிய அளவு எப்போதோ உட்கார்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் இழுத்துக் கட்டினால் சேருமிடத்தில் மேலிருந்து கீழே விரிசல் விழும். ஊரில் கூடுதல் அறை கட்டிய பாதி வீடுகளில் அந்த விரிசலை மறைத்துத்தான் காலண்டர் தொங்குகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மேஸ்திரி. தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது, வரைபடத்தை ஒரு பிரதி கூடுதலாகக் கொண்டுவரும்படி.

மேஸ்திரியும் எல்லாவற்றிலும் முனிவர் அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். கம்பி வலைக்கு அடியில் 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கான்கிரீட் மறைப்பு, இருக்க வேண்டும். கவர் பிளாக் எங்கே என்றேன். கீழே குனிந்து இரண்டு ஜல்லியைப் பொறுக்கிக் கம்பிக்கு அடியில் சொருகி, "இதோ சார்" என்றார். கம்பி மண்ணைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு உப்பும், உப்பினால் கான்கிரீட் பிளக்கும். எம்20 கலவையைக் கையளவில் போடும்போது 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மிக்சர் மெஷினருகே நின்றவர் அளவுக்கு வைத்திருந்தது பழைய பெயின்ட் வாளி. வாளி நிறைந்தும் தண்ணீர்க் குழாயை எடுக்கவில்லை. "இளக்கமா இருந்தாத்தான் சார் மூலைக்கெல்லாம் ஓடும்" என்றார். ஓடத்தான் செய்யும். அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். நான் கத்தித் தண்ணீரை நிறுத்தினேன், கவர் பிளாக் வாங்கி வரச் செய்தேன். கத்தத் தெரியாத வீட்டுக்காரர்களின் குழிகளில் ஜல்லிதான் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

குழியில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். அடியில் கூழாகக் கிடந்த சேற்றை வழித்தெடுத்து, 4 இஞ்ச் பிசிசி (கம்பியில்லாக் கான்கிரீட்) போட்டுத்தான் கம்பி இறக்கினோம். சேற்றின் மேலேயே கொட்டியிருந்தாலும் தங்கள் பதிவேட்டில் இதே அறைதான், இதே எண்ணில் இருந்திருக்கும்.

தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவருமே வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். தெருவோரம் எம்-சாண்டும் முக்கால் இஞ்ச் ஜல்லியும் இறங்கிய அன்று காலையே ஒருவர் வந்துவிட்டார். தங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். குவியலைச் சுற்றி வந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார். டீ குடித்தார். இடைஞ்சல் எப்படித் தீரும் என்பதை விளக்கினார். அவர் நின்ற இடத்திலிருந்து குழி பத்தடி தூரம். அந்தப் பக்கம் தலை திரும்பவில்லை. குழியில் இடைஞ்சல் எதுவும் கிடைக்காது என்பது அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கென்று வாங்குகிறீர்கள். கட்டுமானத் தொழிலாளிக்குப் போகும் பணம் என்பதால் மறுபேச்சு இல்லை. அந்தத் தொழிலாளி இறங்கி நின்ற குழியில் ஆள் கழுத்து வரை ஆழம், இரண்டு பக்கமும் ஊறிய களி. பலகை கொடுத்து முட்டுக் கட்டினார்களா, தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருக்கிறார்களா என்று யாராவது ஒரு பார்வை பார்த்திருந்தால், அது 1 சதவீதத்துக்கு மேல் பெறும்.

பேஸ்மென்ட் உயரத்திலும் எனக்கு ஒரு சிக்கல். எவ்வளவு உயர்த்துவது? சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். எங்கள் தெருவுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை, சாலை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டை ஜாக்கி போட்டுத் தூக்குகிறவர்களுக்குச் சென்னைப் பக்கம் வேலை ஓயாததற்குக் காரணம் வேறென்ன? அடுத்த மூன்று முறை சாலை போட்ட பிறகு தெரு எந்த உயரத்தில் இருக்கும் என்பதை இப்போதே எழுத்துமூலம் தெரிவித்தால், அதற்கு ஒரு சாண் மேலே பீம் போட்டுவிடுவேன்.

கேலியை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கும் முறையான அனுமதித் தாள் இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அனுமதி இருக்கிறதா என்பதும் கட்டடம் நிற்குமா என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்று அதற்குப் பிறகாவது நாம் கற்றிருக்க வேண்டும். 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு அலைச்சல் இல்லாமல் உடனடி அனுமதி. நல்ல திட்டம். ஆனால் மண் இன்னும் சுயசான்று தரக் கற்றுக்கொள்ளவில்லை. காகிதத்துக்குச் செலவான நேரம் மிச்சமாகிறது என்றால், அந்த நேரத்தைக் குழிக்குக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டினாலும், குழி தோண்டி முடிந்ததும் கட்டட ஆய்வாளர் வந்து மண்ணையும் ஆழத்தையும் பார்ப்பது வழக்கம். கான்கிரீட் அதற்குப் பிறகுதான்.

சுவர் கோணலென்றால் இடித்துக் கட்டலாம். பூச்சு சரியில்லையென்றால் கொத்திவிட்டுப் பூசலாம். அஸ்திவாரம் மட்டும், கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் விழுவதற்கும் நடுவே சில மணி நேரம்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பார்க்காவிட்டால், பிறகு விரிசல் வந்துதான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே ஐயா/அம்மா, அனுமதி கொடுக்கும் ஒவ்வொரு சிறு வீட்டுக்கும் அந்த நேரத்தில் தங்கள் பொறியாளர் ஒருவரை அரைமணி நேரம் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். குழியின் ஆழம், அடிமண், கம்பிக்குக் கீழே கவர், பழைய சுவரின் நிலை ஆகிய நான்கை மட்டும் பார்த்து ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும். அதற்கான கட்டணத்தையும் மற்றக் கட்டணங்களோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: குழியின் புகைப்படம் ஒன்று (கான்கிரீட் போடுவதற்கு முன் எடுத்தது, அசலைச் சரிபார்க்க இனி இயலாது).

நகல்: மேஸ்திரிக்கு – தகவலுக்காகவும், கவர் பிளாக் தொடர்பான தொடர் நடவடிக்கைக்காகவும்.