மாலத்தீவுக்குப் போகவிருப்பவர்

மாலத்தீவுக்குப் போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பயனில்லை. நீலத் தண்ணீருக்கு மேல் ஊஞ்சலில் உட்கார்ந்த படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருப்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் “சூப்பரா இருந்துச்சு” என்பார்கள். எந்தத் தீவு என்று கேட்டால் பழைய ரசீதைத் தேடுவார்கள். விஷயம் தெரிய வேண்டுமானால் இன்னும் போகாத ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவர் எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இருக்கிறார்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல். வங்கியிலோ தணிக்கைத் துறையிலோ வேலை. மாலத்தீவு இவர் மனதில் விழுந்தது 2009 அக்டோபரில். அந்த மாதம் அந்நாட்டு அதிபர் முகமது நஷீத், தம் அமைச்சர்களோடு முக்குளிப்பு உடையில் இறங்கிக் கடலுக்கடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். புவி சூடேறிக் கடல் மட்டம் உயர்ந்தால் எங்கள் நாட்டின் கதி இதுதான் என்று உலகத்துக்குக் காட்டும் ஏற்பாடு. உலகம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. நம்மவர் மட்டும் அன்று இரவு மனைவியிடம், “மூழ்குறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்” என்றார்.

அவசரம் நியாயமானதுதான். சுமார் 1,200 பவளத் தீவுகள் கொண்ட அந்த நாட்டில் இயற்கையாக அமைந்த மிக உயரமான மேடே கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரைத் தொடாது. அந்த அவசரத்தில்தான் ஒரு எக்செல் கோப்பைத் திறந்தார். அப்போது மகளுக்கு ஒரு வயது. ‘இரண்டு வயதுக்குள் இருந்தால் விடுதியில் இலவசம்’ என்ற வரிக்குப் பச்சை வண்ணம் பூசி வைத்தார். அந்த மகள் பிளஸ் டூ வரை வந்துவிட்டாள். கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

தாமதத்துக்கு அவர்மேல் பழி போட முடியாது. பழி முழுக்கக் காற்றின் மேல். அந்தக் கடலில் இரண்டே பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. வானம் தெளிவு, விலை உச்சம். மே மாதம் தென்மேற்குக் காற்று திரும்பிவிடும். மழை, அலை, விலை இறக்கம். நம் பள்ளிக்கூட நாட்காட்டியை இதன் மேல் வைத்துப் பாருங்கள். அரையாண்டு லீவு சரியாக உச்ச விலையில் போய் விழுகிறது. மே லீவு மழையில். காலாண்டு லீவு மழையின் வாலில். மிச்சம் இருப்பது பிப்ரவரியும் மார்ச்சும். அப்போது மகளுக்குப் பரீட்சை. இவருக்கு ஆண்டுமுடிவுக் கணக்கு. ஆக, வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் இருந்தும் போவதற்கு ஒரு மாதம் இல்லை.

இந்த முடிவுக்கு வர அவருக்கு மூன்று வண்ணங்களில் ஒரு மழை வரைபடம் தேவைப்பட்டது. அதை ஒருமுறை தூத்துக்குடியில் மாமனார் வீட்டுக்கு எடுத்துப் போனார். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தோணியில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலிக்குப் போய் வருவது காலகாலமாக நடக்கும் வியாபாரம். வரைபடத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர், “மாப்ள, ஆனி ஆடியில அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டோம். மத்த நாள்ல போலாம்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “போயி என்ன செய்யப் போறிய?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கோப்பில் தாள் இல்லை.

பணக் கணக்குக்கு இருக்கிறது. சொல்லப்போனால் இவருடைய மேதைமை முழுவதும் அந்த மூன்றாவது தாளில்தான். மாலத்தீவு விடுதிகளின் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். சாதாரண மனிதர்கள் அவற்றை அழகுக்குப் போட்டதாக நினைத்துக் கடந்துவிடுவார்கள். முதல் குறி பத்து சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது குறி சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று யாராவது சொன்னால் இவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். சேவைக் கட்டணத்தின் மேலும் வரி உண்டு. எனவே 100 டாலர் அறை 128 டாலர் 70 சென்ட். இது போதாதென்று பசுமை வரி என்று ஒன்று, ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். மக்கள் வசிக்கும் தீவுகளில் உள்ள சிறிய விருந்தினர் விடுதிகளில் 6 டாலர். இதையெல்லாம் மாடிப்படியில் நின்றபடி, காய்கறிப் பையைக் கீழே வைக்காமல் சொல்லுவார்.

அறைக்காவது ஒரு கணக்கு வந்தது. அறைக்குப் போய்ச் சேரும் வழிக்கு இன்னும் வரவில்லை. விமானம் இறங்குவது மாலிக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில். தூரத்து ரிசார்ட்டுகளுக்கு அங்கிருந்து சீபிளேன். அதற்குப் போகவரக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால் ராத்திரியை மாலியிலோ ஹுல்ஹுமாலேயிலோ கழிக்க வேண்டும். அதற்கு ஓர் அறை. அதற்கும் இரண்டு கூட்டல் குறிகள். நேரமும் குழப்பம். மாலத்தீவுக் கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால் ஓடும். சில ரிசார்ட்டுகள், விருந்தாளிக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று, தங்கள் தீவுக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். அதனால் இவருடைய அட்டவணையில் நேரத்துக்கு மூன்று பத்திகள்.

கடைசியில் ரிசார்ட் கைவிடப்பட்டது. முதல் ரிசார்ட் திறந்த 1972 முதல் நெடுங்காலம் வெளிநாட்டார் ‘ஒரு தீவு, ஒரு ரிசார்ட்’ என்றே ஒதுங்கியிருந்தார்கள். சாதாரண ஜனங்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகளுக்கு வழி திறந்தது நஷீத் ஆட்சியில்தான். அந்த வகையில் மாஃபுஷி பேர்பெற்றது. மாலியிலிருந்து அரசுப் படகில் சில டாலரில் போய்விடலாம். வெள்ளிக்கிழமை அந்தப் படகு ஓடாது. வெள்ளிக்கிழமையை மையமாக வைத்து மொத்தப் பயணத்தையும் அவர் புதிதாக எழுதினார்.

ஜனங்கள் வசிக்கும் தீவில் சட்டதிட்டம் வேறு. நீச்சல் உடையில் குளிப்பதற்கென்று தனியாக அடைத்துவிட்ட கடற்கரை உண்டு. மற்ற இடத்தில் ஒழுங்காக உடுத்திக்கொள்ள வேண்டும். இதற்காக ஒரு வரி ஒதுக்கியிருந்தார். மனைவி எட்டிப் பார்த்து, “நான் சுடிதாரோடதாங்க இறங்குவேன். அந்த வரிய எடுங்க” என்றார். எடுத்துவிட்டார். அவர் கோப்பிலிருந்து ஒரு வரி நீங்கியதாக வரலாற்றில் இது ஒன்றுதான்.

சுங்கத்துறைத் தாள் சற்றுச் சிக்கல். மது கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் ரசீது கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது தருவார்கள். பன்றி இறைச்சி கூடாது. இவை இரண்டும் இவருக்குப் பிரச்சினை இல்லை. வழிபாட்டுச் சிலைகளும் கூடாது என்பதுதான் இடித்தது. அவருடைய அம்மா கட்டைவிரல் உயர வெள்ளிப் பிள்ளையாரைச் சுருக்குப்பையில் போடாமல் வாசற்படி தாண்டுவதில்லை.

“ஃபோன்ல படமா வச்சுக்கலாம்மா.”

“ஃபோனுக்காடா அருகம்புல்லு சாத்துறது?”

சாப்பாட்டுத் தாளை அம்மாவிடம் அவர் காட்டவே இல்லை. அந்த ஊர்க் காலைப் பலகாரம் மாஸ் ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து, ரோஷி என்ற ரொட்டியோடு தின்பது. நன்றாகத்தான் இருக்கும். புளியோதரைப் பொட்டலத்தோடு வரும் ஒருவரிடம் அதைச் சொல்லுவது வேறு காரியம்.

இப்படியே போயிருந்தால் தீவு முதலில் மூழ்கியிருக்கும். நடந்தது வேறு. ஒரு ராத்திரி சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு வந்த மனைவி, அலுவலகத் தோழி சொன்ன விடுதியில் கைப்பேசியிலேயே அறை எடுத்தார். திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கியதும் இலவசமாகவே கொடுப்பார்கள். மொத்தம் கால் மணி நேரம்.

“என்னங்க, டிக்கெட் போட்டாச்சு. அத்தை மன்னார்குடிக்குப் போயி இருந்துக்கறேன்னுட்டாங்க.”

கணவர் கேட்ட முதல் கேள்வி: “ரீஃபண்டபிளா?”

போனார். கிளம்புமுன் இணையத்தில் பயணி விவரப் படிவம் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு 96 மணி நேரத்துக்குள்தான் அது ஏற்கும். இவர் அலாரம் வைத்துக் காத்திருந்து தொண்ணூற்றாறாவது மணி பிறந்ததும் அனுப்பினார். மாஃபுஷியில் ‘தீவைச் சுற்றி வருதல்’ என்று இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். சாவகாசமாக நடந்தும் அரை மணியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். மிச்சம் ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்து அறை குஜராத்தித் தம்பதிக்குப் பசுமை வரியை விளக்கினார். மனைவியும் மகளும் தண்ணீரில் இருந்தார்கள். பிறகு அவரும் இறங்கினார், வெகுநேரம் கரையேறவில்லை. கோப்பில் இது பதிவாகவில்லை.

திரும்பி வந்த வாரமே அடுத்த கோப்பு பிறந்துவிட்டது. “மொரீஷியஸ் ரூபாய் நோட்டுல தமிழ் இருக்கு, தெரியுமா சார்?” என்று மாடிப்படியில் ஆரம்பிக்கிறார். 1998இல் தமிழ் வரியை இந்தி வரிக்குக் கீழே இறக்கி அச்சிட்ட நோட்டுகளுக்கு அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புக் காட்ட, மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெற்றது என்கிறார். உண்மைதான். அங்கே புயல் காலம் எப்போது, தைப்பூச விடுமுறை எப்போது என்பதை இப்போது பரீட்சைத் தேதிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் மாலத்தீவுக்குக் கிளம்புகிறவராக இருந்தால், டிராவல்ஸ்காரரிடம் முன்பணம் கட்டுமுன் இவரை ஒரு தடவை பாருங்கள். கேட்டால் கோப்பைத் தயங்காமல் அனுப்பிவிடுவார். முழுவதும் படிக்க வேண்டாம். மூன்றாவது தாள் மட்டும் போதும்.