அடுத்த முறை வாங்காதீர்கள்

கெட்ட பொருளை விற்பவனைச் சந்தையே தண்டித்துவிடும், அரசாங்கம் எதற்கு என்கிறார்கள் தாராளச் சந்தை அன்பர்கள். சரக்கு சரியில்லையா, வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். நல்ல ஏற்பாடுதான், அடுத்த முறை என்று ஒன்று இருக்கும்வரை.

1937இல் அமெரிக்காவின் மாசென்கில் நிறுவனம் ‘எலிக்சர் சல்பானிலமைடு’ என்றொரு திரவ மருந்தை விற்றது. மருந்தைக் கரைக்க டைஎதிலீன் கிளைகோல் என்ற நச்சுத் திரவம். நாக்குக்கு இதமாக ராஸ்பெரி மணம். நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்தார்கள். குடித்தவர் பிழைப்பாரா என்பதைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அவர்களில் ஒருவரும் மறுபடி அந்த மருந்தை வாங்கவில்லை. சந்தை தண்டித்தேவிட்டது!

அரசால் பிடிக்க முடிந்ததோ லேபிள் குற்றத்தை மட்டும்: எலிக்சர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டுமாம், இதில் இல்லையாம். ‘கரைசல்’ என்று ஒட்டியிருந்தால் அந்த வழக்கும் இல்லை.

பாதுகாப்பை நிரூபித்த பிறகே புது மருந்தை விற்க வேண்டும் என்ற சட்டம் 1938இல் வந்தது. அதைத்தான் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள்.