கட்டைவிரல்காரர்

எங்கள் சித்தப்பா ஆட்டம் பார்க்கப் போகிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். அவர் பால்கோவா வாங்கப் போகிறவர்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவருக்குப் பால்கோவா ஞாபகம் வரும். உடனே எக்செல் வண்டியை எடுப்பார். பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிய பண்டம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கால் கிலோ வாங்கித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? சித்தப்பாவுக்கு நடுச்சாமம் ஆகும். பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் அம்மன் கோயில் பொங்கலும் கரகாட்டமும் நடக்கும். நையாண்டி மேளம் காதில் விழுந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். கேட்டால், "பிளக்குல கரி புடிச்சிருச்சு" என்பார். மேளம் கேட்டால் கரி பிடிக்கும் பிளக்கை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

சித்தி ஒன்றும் கேட்க மாட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பங்குனிக்கு மூணேகால் கிலோ" என்று மட்டும் சொல்வார். அதற்கு எத்தனை ஆட்டம் என்று கணக்குப் போட சித்திக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும். எங்கள் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்துறை 2005-ல் தபால்தலை வெளியிட்டது சும்மாவா? கேட்டைத் தொட்டதும் வீட்டு நாய் குரைக்கிற குரைப்பில் எதிர்வீட்டு விளக்கு எரிந்துவிடும். கையில் பொட்டலத்தோடு சித்தப்பா அந்த வெளிச்சத்தில் நிற்பார்.

இவரைப் போல எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பார்க்க வந்ததாகிவிடும். நின்றால் போகிறபோக்கில் நின்றதாகக் கணக்கு. நாலு மணி நேரம் போகிறபோக்கில் நிற்பார்கள். டியூப்லைட் வெளிச்சம் முடிகிற இடத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு. முகத்தைப் பார்த்தால் துக்க வீட்டில் பாடை கட்டக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும். முகத்தைப் பார்க்காதீர்கள். வலது காலைப் பாருங்கள். செருப்பின் வாருக்குள்ளிருந்து கட்டைவிரல் மட்டும் எழும்பி எழும்பி இறங்கும். தவில் நடை மாறினால் விரலும் மாறும். பம்பை சேர்ந்துகொண்டால் பக்கத்து விரலும் சேர்ந்துகொள்ளும். உடம்பில் மற்ற இடமெல்லாம் குடும்பத் தலைவர். அந்த இரண்டு விரல் மட்டும் அவருக்குச் சொந்தம்.

வாய் என்னவோ குறை சொல்லிக்கொண்டே இருக்கும். "செம்புக்குள்ள அரிசியைப் போட்டு எடை கட்டணும்யா. இது காலிச் செம்பு, எப்படி ஆடுது பாரு." வீட்டில் தண்ணீர்க் குடத்தை அடுப்படி வரைக்கும்கூடத் தூக்கியறியாத மனிதர், தலையில் கரகத்தோடு தரையில் உருண்டு கண்ணிமையால் ரூபாய் நோட்டு எடுக்கும் பெண்ணுக்குச் சொல்லும் யோசனை இது. கரகத்து உச்சியில் சொருகிய கிளியைக்கூட விடமாட்டார். "கிளின்னா ஆண்டாள் கையில இருக்கே, அது கிளி. தெனமும் இலையை வச்சுப் புதுசாக் கட்டுறாங்க. இது காக்கா மாதிரியில்ல இருக்கு." ஐம்பது ரூபாய் அன்பளிப்பையும் வேறொரு பையனிடம்தான் கொடுத்து அனுப்புவார், பெயர் சொல்லக் கூடாது என்ற கண்டிப்போடு. மைக் பிடித்தவர் பெயரைச் சொல்ல மாட்டார். ஊரையும் தெருவையும் சொல்லி, "எக்செல்லில் வந்திருக்கும் அண்ணாச்சி" என்பார்.

விடிய விடிய ஆடிய காலம் போய்விட்டது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. மாநில அரசு விரும்பினால் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை விட்டுக்கொடுக்கலாம். சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். கிடைக்காத விழாக் கமிட்டிகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கி வருகின்றன: ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதிப் பாட்டும் கட்சிப் பாட்டும் கூடாது. சித்தப்பாவுக்கு இது பெரிய வசதியாகப் போய்விட்டது. ஒருமுறை ஜெனரேட்டர் பக்கத்தில் நான் கையும் களவுமாகப் பிடித்தபோது சொன்னார்: "கோர்ட்டு சொன்னபடி நடக்குதான்னு யாராவது நின்னு பார்க்கணும்லய்யா?"

அவருக்குச் சாக்கே தேவைப்படாத ஆட்டம் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் மார்கழிப் பகல்பத்து, இராப்பத்தில் நடக்கும் அரையர் சேவை. உயரமான குல்லாயும் கைத்தாளமுமாக அரையர் பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கும்போது சித்தப்பா மனைவி மக்களோடு முன்னால் போய் உட்காருவார். கையும் கூப்பியிருக்கும். அன்றைக்குப் பால்கோவா வாங்க மாட்டார்.

போன வருஷம் அவர் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி, எங்கள் இரண்டு பேரையும் ஒரு சல்சா ராத்திரிக்குக் கூட்டிப்போனான். வாசலில் கையில் காகிதப் பட்டை கட்டினார்கள். "காப்பு கட்டுறாங்க" என்றார் சித்தப்பா. உள்ளே பெரிய கல்யாண மண்டபம் அளவுக்குக் கூடம், மரத்தரை, மங்கிய வெளிச்சம், இருநூறு பேர் இருக்கும். இரண்டே நிமிடத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஏசி மெஷினுக்குப் பக்கத்துத் தூண். ஊரில் ஜெனரேட்டர், இங்கே ஏசி. கை தானாகக் கட்டிக்கொண்டது.

தம்பி விளக்கம் சொன்னான். சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் தொட்டுக்கொள்கிற சாஸ். நியூயார்க்கில் குடியேறிய கியூபா, போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1970-களில் பிரபலமாக்கிய பெயர். அதற்கு முன்பு 1950-களில் அதே ஊரில் பலேடியம் என்ற பெரிய நடனக் கூடத்தில் டிட்டோ புவெந்தே வாசிக்க, கறுப்பர், வெள்ளையர், யூதர், இத்தாலியர் எல்லாரும் ஒரே தரையில் மாம்போ ஆடினார்களாம். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சட்னி ஆட்டம்னு சொல்லு" என்றார்.

நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷூ போட்டிருந்தார், ஆனால் முனையில் தோல் மேடு தட்டி அடங்குவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சரியாகப் போகும். நாலில் மேடு எழும்பும்போது இருநூறு பேரும் அசையாமல் நிற்பார்கள். மறுபடி ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் இவர் விரல் மட்டும் தனியாக ஆடும். சல்சாவில் நாலும் எட்டும் அடி வைக்காத எண்ணிக்கை. கால் மணி நேரம் போராடிவிட்டு என் காதில் சொன்னார்: "நாலாவது அடியை முழுங்கிடுறாங்கடா. நம்ம தவில்காரன் விடுவானா?"

அடுத்து பச்சாட்டா போட்டார்கள். அது நெருக்கமாக ஆடும் ஆட்டம். சித்தப்பா திரும்பி ஏசி மெஷினில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். எத்தனை டன், எத்தனை நட்சத்திரம் எல்லாம் படித்து முடித்தும் பாட்டு முடியவில்லை. "இதுக்கெல்லாம் போலீஸ் பர்மிஷன் இருக்கா?" என்று தூணைப் பார்த்தே கேட்டார்.

அங்கே யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம், ஒரு பாட்டோடு நன்றி சொல்லி விலகிவிடலாம், அதுதான் வழக்கம். சித்தி வயதிருக்கும் ஒரு அம்மா வந்து கை நீட்டினார். சித்தப்பா கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "கால் சுளுக்கு" என்றார், தமிழில். அந்த அம்மா புரிந்த மாதிரி சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த பாட்டு மெரெங்கே. இடது, வலது என்று வெறுமனே நடக்கிற ஆட்டம். சாமி சப்பரத்துக்குப் பின்னால் போகிற அதே நடை. சுளுக்குப் பிடித்த காலில் குதிகாலும் சேர்ந்து எழும்பியதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது சித்தப்பா மைசூர்பாகு வாங்கினார், ஒரு கிலோ. சித்தி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்கயும் கரகம் உண்டோ?" என்றார்.

பங்குனியில் எங்கள் பக்கம் வந்தால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கை கட்டி நிற்கும் ஒருவரைப் பார்ப்பீர்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நல்ல பால்கோவா எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், வழி சொல்லுவார்.