ரெண்டு நாள் மாமா

தேவதானப்பட்டியில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாந்தோப்பு ஓரமாக ஓர் ஓட்டு வீடு, பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் பழைய மாம்பழப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு பூனை. பள்ளிக்கூடத்தில் ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் எங்களுக்குச் சோறு போடுகிறார். ஊர் வைத்திருக்கும் பெயர் 'பூனை டீச்சர் வீடு'. இன்றைய தேதிக்குப் பதினாறு பேர் இருக்கிறோம். நான்தான் சீனியர். தோப்புப் படல் திறக்கிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது சாக்கா, கட்டைப்பையா, உள்ளே எத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவேன்.

கொண்டுவந்து விடுகிறவர்களில் பல ரகம். கொடைக்கானல் போகிற கார்க்காரர்கள் காட்ரோட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி, இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, புகார் கிடையாது. வாயைத் திறப்பதில்லை, அதனால் பொய்யும் சொல்வதில்லை.

வாயைத் திறக்கிறவர் ரெண்டு நாள் மாமா.

ரெண்டு நாள் மாமாக்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனாலும் என்னைக் கொண்டுவந்தவர்தான் அசல். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் விபூதி, காலடியில் யூரியாச் சாக்கு. சாக்கு நெளியும். அவர் நெளிய மாட்டார். வண்டியை ஸ்டாண்ட் போடும்போதே ஆரம்பித்துவிடுவார்: "நமக்கு பூனைன்னா உசுரு டீச்சர்." எங்கள் அனுபவத்தில், இந்த வசனம் எவ்வளவு உருக்கமாக வருகிறதோ, சாக்கு வாயில் சணல் முடிச்சு அவ்வளவு இறுக்கமாக இருக்கும்.

அப்புறம் காரணம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். புது சோபா வாங்கியாகிவிட்டது. ஜோசியர் ஏதோ சொன்னார். கடைசியில் அந்தப் பொன்மொழி: "ரெண்டே நாள். வந்து எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்." நான் வந்து ஆறு மாம்பழ சீசன் ஆகிறது. அவர் கணக்கில் இன்னும் முதல் நாளே முடியவில்லை போலும்.

நான் சும்மா வரவில்லை. வழியெல்லாம் சாக்கின் வலது மூலையைப் பிறாண்டிக்கொண்டே வந்ததில் ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவு ஓட்டை விழுந்தது. அதன் வழியே நான் முதலில் பார்த்தது டீச்சரம்மாவின் ரப்பர் செருப்பு. வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே தோன்றியது.

மாமா எங்களைப் பற்றிக் கொடுக்கிற சாப்பாட்டுக் குறிப்பு தனி. "பாலைத் தவிர எதையும் தொடாது டீச்சர். அதுவும் ஆவின் பச்சைப் பாக்கெட்டு. நீலம் ஊத்துனா மூஞ்சியத் திருப்பிக்கிரும்." சொல்லிவிட்டு அவர் போன அன்று சாயங்காலமே நான் ஒரு பல்லியை வாலோடு முழுங்கினேன். வளர்ந்த பூனைகளில் பலருக்குப் பால் செரிக்காது. வயிறு கலங்கும். அதைக் கழுவி விடுகிறவர் மாமா இல்லை என்பதால் அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

சீசன் காலத்தில் சாக்கோடு ஒரு பை காசா மாம்பழமும் வரும். "புள்ளைகளுக்குக் குடுங்க." எங்களுக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர நாக்குக்கு வேண்டிய ஒரு மரபணு பூனைக் குலத்துக்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மாம்பழம் கொழிக்கிற சீமையில் பிறந்து இனிப்பு தெரியாத நாக்கோடு அலைவது போன ஜென்மத்துப் பாவம். கருவாட்டு மணம் தெரிவதால் சமாளிக்கிறேன்.

மாமாவின் பக்தியைக் குறை சொல்ல முடியாது. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணை காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு அந்தக் கையோடுதான் இங்கே வருவார். அங்கே கர்ப்பகிரகக் கதவு திறப்பதே இல்லை. அடைத்த கதவுக்குத்தான் பூஜை. அடைத்த கதவைக் கண்டால் எனக்கு நகம் ஊறும் என்றாலும் இந்தக் கதவு விஷயத்தில் அடக்கமாக இருக்கிறேன். காணிக்கையாக வரும் நெய் பானை பானையாக இருக்குமாம், எறும்பு அண்டாதாம். பூனை அண்டுமா என்று யாரும் சொல்லவில்லை. நானும் போய் விசாரிக்கவில்லை. அம்மனோடு வம்பு எதற்கு?

ஒருநாள் மாமா மூன்று குட்டிகளோடு படலுக்கு வந்தபோது நான் தற்செயலாகக் குறுக்கே போனேன். வண்டியை நிறுத்திவிட்டார். காலை ஊன்றி, முகத்தைச் சுளித்து, வேறு யாராவது முதலில் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். காலடிச் சாக்குக்குள் மூன்று பேரும் கோரஸாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையை அதுவரை நான் வெறும் பழமொழி என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கேட்டார், குரலைத் தாழ்த்தி: "ஒரு பூனைக்கு இவ்வளவுன்னு கவர்மெண்டுல பணம் வருதாமே டீச்சர்?" டீச்சரம்மா பதில் சொல்லாமல் நெத்திலிக் கருவாட்டைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். அது அவர் பென்ஷன் நெத்திலி.

எங்கள் இனத்துக்கு அரசாங்க ராசி கிடையாது. 1959-இல் மதராஸில் மழைவெள்ளத்தில் தத்தளித்த ஜீவன்களை கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி காப்பாற்றியதில் புளூ கிராஸ் பிறந்தது என்பார்கள். அந்த ஜீவன்கள் நாய்க்குட்டிகள். 2001-இல் வந்த கருத்தடை விதிகளின் தலைப்பிலேயே 'நாய்கள்' என்று போட்டிருந்தார்கள். 1962-இல் விலங்கு நல வாரியம் அமைத்தபோது ருக்மிணி தேவி அருண்டேல் தலைவரானார். நாட்டியம் தெரிந்தவர், நடையழகு பார்த்தாவது எங்களைக் கவனித்திருப்பார் என்று நம்புகிறேன்.

ஒரே ஆறுதல், 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. எங்களை இறக்கிவிட்டுப் போகிற வழியில் மாமா குடிக்கிற டீயும் தின்கிற ரெண்டு வடையும் அதற்குள் அடங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கார் வழியாக வந்த ஒரு குட்டி, மலைப்பாதையில் டம் டம் பாறையிலிருந்து 975 அடி நீளத்தில் ஓர் எலிவாலைப் பார்த்ததாகச் சொல்லி ராத்திரியெல்லாம் நடுங்கியது. அது தலையாறு அருவி, எலிவால் அருவி என்பது அதன் இன்னொரு பெயர் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "வாலே அவ்வளவுன்னா எலி?" என்றது. எனக்கும் பதில் தெரியவில்லை.

எலி என்றதும் ஞாபகம் வருகிறது. போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் மாமா வந்தார். நெளியாத சாக்கு. வெறும் சாக்கு. படல் சத்தத்தை வைத்து நான் சொன்ன கணக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தப்பியது.

"வீட்டுல எலித் தொல்லை தாங்கல டீச்சர். நெல்லு மூடையெல்லாம் ஓட்டை. புது சோபாவக் குடைஞ்சு குட்டி போட்டிருச்சு. ஒரு பூனை குடுங்க. ரெண்டே நாள். எலியப் பிடிச்சதும் கொண்டாந்து விட்டுர்றேன்."

டீச்சரம்மா பிசைவதை நிறுத்தவில்லை. "எதுண்ணே வேணும்?" என்றார்.

மாமா பதினாறு பேரையும் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். "இந்த வெள்ளைக்காலு தெம்பா இருக்கே. காது நுனி வெட்டியிருக்கு, சண்டைக்காரப் பயலோ?" கருத்தடை செய்தவர்களுக்கு அடையாளமாக வெட்டுவது அது. விளக்கவா முடியும்? கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு கெடந்துச்சு டீச்சர். எம்புட்டுப் பாசமா வளத்தேன். ஓடிப்போச்சு."

சொல்லிக்கொண்டே சாக்கை விரித்து என் பக்கத்தில் வைத்தார். மோந்து பார்த்தேன். அதே யூரியா வாடை. வலது மூலையில் ஓட்டையைக் காணோம். பச்சை நைலான் நூலில், நெருக்கி நெருக்கித் தைத்து வைத்திருந்தார்.